அருங்காட்சியகத்தின் இரவு யாருக்கு?



சில ஆண்டுகளுக்கு முன்பு எம் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவர்களைத் தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்திற்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றிருந்தோம். 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையமே இந்நாட்டின் மிகப் பழைமையான அருங்காட்சியகமாகும். லியோனார்டு ரே என்பவர் அதன் முதல் காப்பாட்சியர். பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் கண்ட எங்கள் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். ஆயினும் என்ன செய்வது? பேருந்து ஓட்டுநர் மணி பார்க்கிறார். நாங்களும் மணி பார்க்கிறோம். "வரிசை, வரிசை" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கூடத்தையும் கடந்தோம்.

வெளியே வரும்போது ஒரு மாணவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயா, கதவ சாத்துன பிறகு இதுங்கல்லாம் என்ன பண்ணும்?" என்று கேட்டாள். உடன் வந்தோர் சிரித்தனர். "சும்மாதான்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தலைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

அன்று மாலை டத்தோ கிராமாட் சாலையில் பேருந்து நெரிசலில் நின்றபோதுதான் என் விடை எனக்கே உறுத்தியது. ஒரு குழந்தை ஒரு பெரிய கேள்வியைக் கேட்டது. ஆசிரியனாகிய நான் அதன் கதவைச் சாத்திவிட்டேன். அந்தக் கேள்வியை உலகில் வேறு குழந்தைகளும் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்களுக்கு யாரேனும் கதவைத் திறந்துவிட்டார்களா? இதைத் தேடிப் படித்தபோது கிடைத்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் குழந்தைகள் ஓரிரவு தங்கிப் படுத்துறங்கிக் கற்கும் வழக்கத்தின் வரலாறு அது.

கதவும் கடிகாரமும்

ஓர் அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பார்த்தாலே, அது யாரை மனத்தில் வைத்து நடத்தப்படுகிறது என்பது விளங்கிவிடும்.

இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1753-இல் நிறுவப்பட்டு, 1759 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் சேர்த்துவைத்த செடிகொடிகள், சிப்பிகள், விலங்குப் பொருள்கள் முதலியவையே அதன் தொடக்கச் செல்வம். பொதுமக்களுக்குத் திறப்பு என்று பெயர்தானே தவிர, அக்காலத்தில் உள்ளே போக வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். பகலில் உழைத்துப் பிழைப்பவன் விண்ணப்பம் எழுதுவது எப்போது, பகலில் விடுப்பெடுத்து வருவது எப்போது?

மாலையில் திறந்து வைக்கலாமே என்றால், அதற்கு விளக்கு வேண்டும். விளக்கு என்றால் அன்று நெருப்பு. மெழுகுவத்தியையும் எரிவாயு விளக்கையும் உள்ளே விட அருங்காட்சியகத்தார் அஞ்சினர். அவ்வச்சத்தைக் குறை சொல்ல முடியாது. இயற்கை வரலாற்றுச் சேகரிப்பில் உலர்ந்த தோலும் இறகும் வைக்கோலும் மிகுதி. மீன், பாம்பு, தவளை போன்றவற்றைச் சாராயத்தில் ஊறவைத்தே பாதுகாத்தனர். ஒரு பொறி போதும். இந்தச் சேகரிப்புகள் 1881-இல் தென் கென்சிங்டனில் கட்டப்பட்ட தனிக் கட்டடத்திற்கு மாறியபோதும், சாராயப் புட்டிகளுக்கு மட்டும் பின்புறத்தில் தனிக் கட்டடம் எழுப்பினர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கூடங்கள் மின்விளக்கின் துணையால் மாலையில் திறக்கப்பட்டது 1890-இல்தான்.

இதற்கு முன்பே ஒருவர் துணிந்தார். அவர் பெயர் ஹென்றி கோல். 1857-இல் திறக்கப்பட்ட தென் கென்சிங்டன் கலை அருங்காட்சியகத்தில் எரிவாயு விளக்குகளைப் பொருத்தி, தொழிலாளர் குடும்பத்தோடு வருவதற்கென மாலை நேரங்களில் கதவைத் திறந்துவைத்தார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படுவது அதுவே. மாலையில் திறந்திருக்கும் அருங்காட்சியகம் சாராயக் கடைக்கு நல்ல மாற்றுமருந்தாக அமையக்கூடும் என்பது அவர் நம்பிக்கை.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. அதே ஆங்கிலேயர் ஆட்சியில் நம் பாட்டன்மாருக்கு மாலையில் திறந்திருந்த கதவு கள்ளுக்கடையின் கதவு. மாற்றுமருந்தைப் பற்றி இங்கே யாரும் நினைக்கவில்லை.

செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

நம் முன்னோர் கப்பலேறி வந்த சென்னைப் பட்டினத்தில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 1851-இல் அங்கே அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். எழும்பூருக்கு இடம் மாறிய அருங்காட்சியக வளாகத்தில், 1855-இல் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். விலங்குகளைக் காணக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தனர். அந்த விலங்குக்காட்சி 1863-இல் மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பட்டது. பின்னர் 1985-இல் வண்டலூரில் இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகப் பெருகியது.

சென்னை மக்கள் இவ்விரண்டிற்கும் தாமே பெயர் சூட்டினர். பாடம் செய்த உடல்களும் எலும்புகளும் உள்ள எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. உயிருள்ள விலங்குகள் இருந்த இடம் 'உயிர்க் காலேஜ்'. கல்லூரிப் படியை மிதிக்க வாய்க்காத மக்கள், தாம் கட்டணமின்றிக் கற்கப் போன இடத்தைக் 'காலேஜ்' என்றே அழைத்ததை எண்ணி நான் வியப்பதுண்டு. அவர்களுக்கு அது வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை போலும்.

எங்கள் மாணவி கேட்ட கேள்வியும் இந்த இரு பெயர்களுக்கு நடுவில்தான் நிற்கிறது. செத்த காலேஜ் எப்போது உயிர்க் காலேஜ் ஆகும்? இரவில் ஆகுமோ?

ஒரு கதையிலிருந்து ஒரு பாய்விரிப்பு வரை

பூட்டிய அருங்காட்சியகத்திற்குள் குழந்தைகள் இரவைக் கழிப்பது முதலில் கதையாகவே பரவியது. 1967-இல் அமெரிக்க எழுத்தாளர் ஈ.எல். கோனிக்ஸ்பர்க் ஒரு சிறுவர் புதினம் எழுதினார். வீட்டை விட்டுக் கிளம்பிய அக்காளும் தம்பியும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஒளிந்திருந்து, பழங்காலக் கட்டிலில் உறங்கி, அங்குள்ள நீரூற்றிலேயே குளிக்கிறார்கள். அந்நூல் 1968-இல் அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்னும் ஆவல் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவானது என்பதற்கு அந்நூல் பெற்ற வரவேற்பே சான்று.

கதை நடப்பாக மாறியது 1972-இல். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள 'கோசை' என்னும் அறிவியல் நிலையம், சாரணியர் இயக்கத்துச் சிறுமியரை ஓரிரவு தன் கூடங்களிலேயே தங்க வைத்தது. 'கேம்ப்-இன்' என்று அதற்குப் பெயரிட்டனர். அதாவது, காட்டில் கூடாரம் அடிப்பதற்கு மாற்றாகக் கட்டடத்திற்குள்ளேயே முகாம். அதன் வெற்றியைக் கண்ட பிற அருங்காட்சியகங்களும் அவ்வழியில் நடந்தன. சிக்காகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடுகளுக்கு அருகே குடும்பங்கள் படுத்துறங்கும் நிகழ்ச்சி புகழ்பெற்றது.

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வழக்கம் பிறந்தது என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மிலான் டிரெங்க் என்பவர் 1993-இல் எழுதிய சிறுவர் படக்கதையை வைத்து 2006 டிசம்பரில் 'நைட் அட் தி மியூசியம்' வெளிவந்தது உண்மையே. அப்படம் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைக் களமாகக் கொண்டது. அதை ஒட்டி அங்கே 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கான இரவுத் தங்கல் பெரும்புகழ் அடைந்ததும் உண்மையே. ஆனால் அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒஹாயோவில் சிறுமியர் பாய் விரித்துவிட்டனர். இலண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் 7 முதல் 11 வயதினருக்காக 'டைனோ ஸ்னோர்ஸ்' என்னும் இரவைத் தொடங்கியது. 'டைனோசரின் குறட்டை' என்று அதை நாம் தமிழாக்கிக்கொள்ளலாம்.

அவ்விரவுகளின் நடைமுறை ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றே. பொதுமக்கள் வெளியேறியபின் குழந்தைகள் பெரியோர் துணையுடன் வருவர். படுக்கைப் பையையும் கைவிளக்கையும் உடன் கொண்டுவருவர். விளக்குகளை அணைத்த கூடத்தில் கைவிளக்கோடு ஒரு நடை. அறிவியலாளர் ஒருவருடன் உரையாடல். கையால் செய்யும் ஒரு வேலை. நள்ளிரவை ஒட்டி உறக்கம். விடிந்ததும் பசியாறிவிட்டு, கதவு திறக்குமுன் வீடு திரும்புதல்.

இதில் கைவிளக்கு நடையைத்தான் நான் ஆசிரியனாக மிகவும் மதிக்கிறேன். பகலில் நூறு பொருள்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. குழந்தை எதையும் பார்ப்பதில்லை. இருளில் கைவிளக்கின் வட்டத்திற்குள் ஒரு பல், ஒரு நகம், ஒரு கண்குழி மட்டுமே விழுகிறது. குழந்தை அங்கே நின்றுவிடுகிறது. நாங்கள் தைப்பிங்கில் "வரிசை, வரிசை" என்று கலைத்த கவனத்தை இருள் தானாகவே கூட்டித் தருகிறது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க்கில் இவ்விரவுக்குத் தலைக்கு நூறு அமெரிக்க டாலருக்கு மேல் கட்டணம் வாங்கினர். ஹென்றி கோல் 1857-இல் எரிவாயு விளக்கை ஏற்றியது பணமில்லாதவருக்காக. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அருங்காட்சியகத்தின் இரவு பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசாகிவிட்டது. கதவு திறந்ததுதான், ஆனால் எல்லாருக்கும் திறக்கவில்லை.

இரண்டு திமிங்கிலங்கள்

நியூயார்க்கிலும் இலண்டனிலும் குழந்தைகள் உறங்கும் கூடங்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் தலைக்கு மேலே ஒரு நீலத் திமிங்கிலம் தொங்குகிறது. நியூயார்க்கில் இருப்பது 94 அடி நீளமுள்ள செய்பொருள். இலண்டனில் இருப்பது உண்மையான எலும்புக்கூடு, நீளம் 25.2 மீட்டர். அத்திமிங்கிலம் 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்டு கரையில் ஒதுங்கியது. பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்து, 1930-களில் காட்சிக்கு வந்து, 2017 ஜூலையில் நடுக்கூடத்திற்கு உயர்ந்தது. 'ஹோப்', அதாவது 'நம்பிக்கை' என்று அதற்குப் பெயர் சூட்டினர்.

வெக்ஸ்ஃபர்டில் திமிங்கிலம் ஒதுங்கிய மறு ஆண்டு, 1892-இல், நம் மலாக்காக் கரையிலும் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அதன் எலும்புக்கூடு சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டது. இடமில்லாததால் உடனே வைக்க இயலவில்லை. 1907-இல் 42 அடி நீள எலும்புக்கூடாகக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வளர்ந்த பொருள் அது.

பின்னர்க் காலம் மாறியது. அவ்வருங்காட்சியகம் நாட்டின் வரலாற்றுக்கும் கலைக்குமான தேசிய அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. 1972-இல் விலங்கியல் சேகரிப்பு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒஹாயோவில் சிறுமியர் அருங்காட்சியகத்திற்குள் பாய் விரித்த அதே ஆண்டில், சிங்கப்பூரில் விலங்குகள் அருங்காட்சியகத்தைவிட்டு மூட்டை கட்டின! 1974-இல் திமிங்கிலம் கோலாலம்பூரில் உள்ள நம் தேசிய அருங்காட்சியகத்திற்கு அன்பளிப்பாக வந்தது. அங்கிருந்து பின்னர் லாபுவான் கடல்சார் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. மலாக்காவில் ஒதுங்கி, சிங்கப்பூரில் தொங்கி, கோலாலம்பூருக்கு வந்து, லாபுவானில் நிலைகொண்டது. உயிரோடு நீந்தியபோது போன தூரத்தைவிட இறந்தபின் அலைந்த அலைச்சல் வேறு வகை.

சிங்கப்பூரில் எஞ்சிய சேகரிப்பும் இடம்விட்டு இடம் அலைந்தது. யாங் சாங் மான் என்னும் காப்பாட்சியர் அம்மையார் அதைப் பல்லாண்டு காலம் கண்ணும் கருத்துமாகக் காத்தார். 1987-இல் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. 2009 மே மாதம் அருங்காட்சியக நாளன்று, சிறியதாக இருந்த அதன் கூடத்தைக் காண ஒரே நாளில் 3,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அந்தக் கூட்டம் பலரின் கண்ணைத் திறந்தது. நன்கொடைகள் குவிந்தன, திரட்டிய தொகை 4 கோடியே 60 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. 2015 ஏப்ரலில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர்க் கடலில் ஒரு விந்துத் திமிங்கிலம் மிதந்துவந்தது. அதன் 10.6 மீட்டர் எலும்புக்கூடு மறு ஆண்டு அங்கே காட்சிக்கு வந்தது. போன திமிங்கிலத்துக்கு ஈடாகக் கடலே ஒன்றைக் கொடுத்தது போலும்!

இதற்கு மாறான ஒரு துயரமும் உண்டு. 1978 ஜூன் 5-ஆம் நாள் புதுடில்லியில் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், குழந்தைகள் தொட்டுப் பார்த்துக் கற்பதற்கென்றே தனி அறை வைத்திருந்தது. 2016 ஏப்ரல் 26 அன்று, ஊர் உறங்கும் பின்னிரவில், அது தீக்கிரையாயிற்று. இலண்டனார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அஞ்சிய அதே நெருப்பு.

நம் மலையின் பெயர் தாங்கிய தேரை

இனி நம் தீவுக்கு வருவோம். பினாங்கு மாநில அருங்காட்சியகம் 1965-இல் ஃபார்குவார் சாலையில், முன்பு பினாங்கு ஃபிரீ பள்ளி இயங்கிய கட்டடத்தில் தொடங்கியது. பள்ளிக்கூடமாக இருந்த கட்டடமே அருங்காட்சியகமாயிற்று என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி. ஆனால் அது இத்தீவின் மக்களின் வரலாற்றுக்கானது. இத்தீவின் விலங்குகளுக்கும் வரலாறு உண்டே, அது எங்கே போயிற்று?

1840-களில் தியோடர் கேண்டர் என்னும் டென்மார்க் மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் பினாங்கில் இருந்தார். இங்குள்ள விலங்குகளையும் சந்தைக்கு வந்த மீன்களையும் சேர்த்து, 1846-இல் பாலூட்டிகள், 1847-இல் ஊர்வன, 1849-இல் மீன்கள் என மூன்று பட்டியல்களை வெளியிட்டார். அவருக்குப் பின், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்னும் நிலவியலார் கல்கத்தாவிலிருந்து வந்து பினாங்கு மலையில் தேடினார். 1870-இல் அவர் பெயரிட்டு விவரித்த ஓடைத் தேரை ஒன்றின் அறிவியல் பெயர் 'அன்சோனியா பினாங்கென்சிஸ்'. பினாங்கின் பெயரையே தாங்கிய அச்சிறு தேரை இத்தீவைத் தவிர வேறெங்கும் காணப்படுவதில்லை. ஸ்டோலிச்கா 1874-இல், தம் 36-ஆம் வயதில், லடாக்கில் உயிர்துறந்தார்.

இவர்கள் சேர்த்தவை கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் போயின. புட்டிகளைச் சுமந்தவர், ஓடையில் இறங்கித் தேரையைப் பிடித்துக் கொடுத்தவர் யாவர் என்று அப்பட்டியல்கள் சொல்வதில்லை.

நல்லூழாகத் தேரை இன்னும் இங்கேதான் இருக்கிறது. 2021 செப்டம்பரில் பினாங்கு மலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீடுகளின் மேல் தளங்களிலிருந்து பார்த்தால் அம்மலை தெரியும். எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கும் மலையில், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் இரவில் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரமில்லை. பள்ளி பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது.

எங்கள் ஓரிரவு

தைப்பிங் பயணத்துக்குப் பின், பிள்ளைகளை ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் ஓரிரவு தங்க வைக்க முயன்றோம். நாங்கள் அணுகிய ஒரு நிலையம் இரண்டு மாதம் கழித்து, அதற்கு விதிமுறையில் இடமில்லை என்று பதில் எழுதியது. காவல், காப்புறுதி, கழிப்பறை, தீ எனக் காரணங்கள் பல. அவை பொய்யல்ல. ஆயினும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றேனும் ஒரு சொல் எழுதியிருக்கலாம்.

எனவே பள்ளி மண்டபத்திலேயே ஓரிரவு நடத்துவது என்று முடிவாயிற்று. அடுத்த தடை வீடுகளிலிருந்து வந்தது. பெண்பிள்ளைகளை வெளியே தங்க விடுவதில்லை என்றனர் பெற்றோர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தலைவர் ஒரு வழி சொன்னார்: அம்மாவோ பாட்டியோ உடன் வரட்டும், பாயோடு வரட்டும். கட்டணம் கிடையாது, வீட்டுக்கு ஒரு பலகாரம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 32 பிள்ளைகளும் அவர்களோடு பதினைந்து தாய்மாரும் பாட்டிமாரும் வந்து சேர்ந்தனர்.

எங்களிடம் எலும்புக்கூடு இல்லை. பிள்ளைகள் கொண்டுவந்த சிப்பிகள், ஒரு குளவிக்கூடு, பாம்புச் சட்டை ஒன்று, மீன் முள். இவைதாம் எங்கள் காட்சிப்பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், கிடைத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு வைத்தோம். எடுத்தவர் பெயரைக் கட்டாயம் எழுதச் சொன்னேன். காரணம் உங்களுக்குப் புரியும்.

இருட்டியதும் திடலோரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி, பின்னால் விளக்கை ஏற்றினோம். அரைமணி நேரத்தில் விட்டில்கள், ஈசல்கள், பொறிவண்டுகள், ஒரு கும்பிடுபூச்சி என வேட்டி நிறைந்துவிட்டது. பிள்ளைகள் வேறுபட்ட பத்தொன்பது வகை விட்டில்களை வரைந்தனர்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு அமைதியாக அமர்ந்தோம். எங்கிருந்தோ 'டொக், டொக்' என்று மரத்தைத் தட்டும் ஓசை வந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டனர். அப்போது ஒரு பாட்டி சிரித்தார். "பயப்படாதீங்க புள்ளைங்களா, அது பறவ. தோட்டத்துல விடியக்காலையில வெட்டுக்குப் போறப்ப தெனமும் கேப்போம். மலாய்க்காரங்க புரோங் துக்காங்னு சொல்லுவாங்க" என்றார். தச்சன் பறவை என்பது அதன் பொருள். சுத்தியலால் அடிப்பதுபோல் கூவும் அந்த இரவுப்பறவையைப் பாட்டி அப்படியே கூவிக் காட்டினார். பிறகு மரநாய் எப்படிக் கத்தும், தேவாங்கு எப்படிக் கிளை மாறும், எந்த மணத்திற்கு எந்தப் பூச்சி வரும் என்று அவர் சொல்லச் சொல்ல நேரம் போனதே தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் இருளில் எழுந்து பால்மரம் சீவிய அந்த அம்மையாரை, அதற்கு முன் எந்தப் பள்ளியும் பேச அழைத்ததில்லை.

தைப்பிங்கில் என் சட்டையைப் பிடித்து இழுத்த மாணவி அன்று தன் பாட்டியோடு வந்திருந்தாள். அவள் தாய் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். படுக்கும்முன் என்னிடம் வந்து, "ஐயா, அம்மா வேலை செய்யுற நேரத்துல இவ்ளோ உயிருங்க முழிச்சிக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, இருக்கும்" என்றேன். "அப்ப அம்மா தனியா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இம்முறை நான் கதவைச் சாத்தவில்லை என்ற நிறைவு எனக்கு இருந்தது.

நிறைவாக

டத்தோ கிராமாட் சாலையில் முன்பு ஈய உருக்காலை இருந்தது. அதன் உலைகளை இரவிலும் கண்விழித்துக் காத்த தொழிலாளர் வழிவந்த குடும்பங்கள் இன்னும் இங்கே வாழ்கின்றன. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பெற்றோர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு விழிக்கின்றனர். பகலில் உறங்கும் அவர்களுக்கு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும் எந்தக் கதவும் பாதி மூடிய கதவே. ஆகவே இரவுத் தங்கலை வெளிநாட்டுப் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் வேரில் உழைப்பவருக்காக ஏற்றப்பட்ட ஒரு விளக்கு இருக்கிறது.

அருங்காட்சியகப் பொறுப்பில் உள்ளோர் ஆண்டுக்கு ஓரிரவாவது, கட்டணமின்றி, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு முறைவைத்துக் கதவைத் திறக்கலாம். காவலுக்கும் பாதுகாப்புக்குமான வழிமுறைகளை 1972 முதல் பிற நாட்டார் வகுத்து வைத்துள்ளனர். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதுவரை, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு மண்டபமும் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும் ஒரு பாட்டியும் போதும்.

ஒரு வீட்டில் ஓரிரவு படுத்து எழுந்தவன் அவ்வீட்டுக்கு விருந்தாளியல்லன், உறவினன் என்பது நம் மரபு. நம் பிள்ளைகளும் இந்நாட்டின் அருங்காட்சியகங்களுக்கும் மலைகளுக்கும் கடலுக்கும் உறவினர் ஆகட்டும்.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய முயற்சி நடந்திருந்தால் அறியத் தாருங்கள். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்
டத்தோ கிராமாட், பினாங்கு